துளைச்சுவரும் ஓட்டத்தின் அமைதியும்

உரைநடை உலகம்

நுழையும்முன்

ஆறு கரையைத் தொட்டு ஓடுகிறது. காற்று விமான இறக்கையைத் தழுவிச் செல்கிறது. ஓடுவது நீராயினும் காற்றாயினும், அது தொட்டுச் செல்லும் சுவருக்கு அதன் போக்கைத் தீர்மானிப்பதில் பெரும்பங்கு உண்டு. வழவழப்பான சுவரை ஒட்டி ஓட்டம் அமைதியாகச் செல்லும் என்பது பொதுவான எண்ணம். அச்சுவரில் கண்ணுக்கு எளிதில் புலப்படாத துளைகள் இலட்சக்கணக்கில் இருந்தால் என்ன நேரும்? ஓட்டத்தின் அமைதி குலையுமா, கூடுமா? இவ்வினாவிற்கு அறிவியல் ஒன்றுக்கொன்று முரண்பட்டவைபோல் தோன்றும் விடைகளைத் தந்துள்ளது. அம்முரண் தீரும் விதத்தை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

ஓட்டத்தின் இருவகை

காற்றசைவு இல்லாத அறையில் ஏற்றிவைத்த ஊதுவத்தியின் புகையை நோக்குக. தொடக்கத்தில் அது நூலிழைபோல் நேராக மேலெழும். சற்று உயரம் சென்றதும் அவ்விழை நெளியும். பின்னர்ச் சுருள்களாகச் சிதறிக் காற்றோடு கலந்துவிடும். புகையும் ஒன்றே, காற்றும் ஒன்றே. எனினும் ஓட்டம் தன் இயல்பை மாற்றிக்கொண்டது. அடுக்கடுக்காக ஒழுங்குடன் செல்லும் முதல்நிலையை வரிச்சீர் ஓட்டம் என்றும், ஒழுங்கு குலைந்து சுழிகளுடன் செல்லும் அடுத்தநிலையை சுழற்சி ஓட்டம் என்றும் இயற்பியல் குறிப்பிடுகிறது.

இவ்விரு நிலைகளுக்கும் இடைப்பட்ட மாற்றத்தை முறையாக ஆராய்ந்தவர் இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரில் பேராசிரியராகப் பணியாற்றிய ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ். கண்ணாடிப் பக்கங்கள் கொண்ட தொட்டியில் நீர் நிரப்பி, அதனுள் எக்காள வாய்போல் விரிந்த முகப்புடைய கண்ணாடிக் குழாயை அமைத்து, குழாயின் வாயில் மெல்லிய சாயத்தைச் செலுத்தினார். நீர் மெதுவாகச் சென்றபோது சாயம் குழாய் முழுவதும் ஒரே கோடாக நீண்டது. வேகத்தைக் கூட்டியபோது ஓரிடத்தில் அக்கோடு திடீரெனக் கலைந்து குழாயை நிறைத்தது. மின்பொறியின் ஒளியில் பார்த்தபோது, கலைந்த சாயத்தில் தெளிவான சுழிகள் தெரிந்தன. 1883ஆம் ஆண்டில் வெளியான இவ்வாய்வே இன்று ரெனால்ட்ஸ் எண் என வழங்கும் அளவுக்கு அடிப்படையாயிற்று.

பாய்மத்தின் வேகத்தையும் குழாயின் விட்டத்தையும் பெருக்கி, பாய்மத்தின் பாகுத்தன்மை சார்ந்த ஓர் அளவால் வகுத்தால் ரெனால்ட்ஸ் எண் கிடைக்கும். இரண்டு சென்டிமீட்டர் விட்டமுள்ள குழாயில் அறை வெப்பநிலையில் உள்ள நீர் நொடிக்குப் பத்து சென்டிமீட்டர் வேகத்தில் சென்றால் அவ்வெண் ஏறத்தாழ 2000 ஆகும். குழாய் ஓட்டம் தன் ஒழுங்கை இழக்கத் தொடங்கும் எல்லை ஏறத்தாழ இதுவே. ஆயினும், தொட்டி நீரை அசைவின்றி அடங்கவிட்டு மிகுந்த கவனத்துடன் சோதித்தபோது, 12,000ஐ எட்டும்வரையிலும் ஓட்டம் ஒழுங்காகவே சென்றதை ரெனால்ட்ஸ் கண்டார். எனவே, ஓட்டத்தின் அமைதி வேகத்தை மட்டும் பொறுத்ததன்று. அதில் வந்து சேரும் சிறு குலைவுகளையும் பொறுத்தது என்பது விளங்கிற்று.

நிலைப்புத்தன்மை என்றால் என்ன?

கிண்ணத்தின் அடியில் கிடக்கும் கோலிக்குண்டைச் சற்றே தள்ளினால் அது ஆடி, மீண்டும் அடிக்கே வந்துசேரும். கவிழ்த்து வைத்த கிண்ணத்தின் உச்சியில் நிற்கும் கோலிக்குண்டைத் தொட்டால் போதும், உருண்டோடிவிடும். இரண்டுமே அசையாமல் நின்றவைதாம். ஆயினும் முன்னது நிலைப்புடையது, பின்னது நிலைப்பற்றது. ஓட்டத்திற்கும் இதே அளவுகோல் பொருந்தும். ஓடும் பாய்மத்தில் ஒரு சிறு குலைவு தோன்றும்போது அது தேய்ந்து மறைந்தால் அவ்வோட்டம் நிலைப்புடையது. வளர்ந்து பெருகினால் நிலைப்பற்றது. பாய்ம இயக்கவியலில் நிலைப்புத்தன்மை பற்றிய ஆய்வு முழுவதும் இந்த ஒரு வினாவைச் சுற்றியே அமைந்துள்ளது.

சுவரைத் தொடும் படலம்

ஓடும் பாய்மம் சுவரைத் தொடும் இடத்தில் அதன் வேகம் சுழியாகும். பல மாதங்கள் சுழன்ற மின்விசிறியின் இறக்கையில் தூசி படிந்திருப்பதைக் காண்கிறோம். இறக்கை விரைந்து சுழன்றும் தூசி பறந்துவிடாமைக்குக் காரணம், இறக்கையை ஒட்டிய காற்று இறக்கையோடு சேர்ந்தே நகர்வதுதான். இறக்கையிலிருந்து பார்த்தால் அக்காற்றுக்கு வேகமில்லை. சுவரில் சுழியாக இருக்கும் வேகம் சிறிது தொலைவுக்குள் முழு அளவை எட்டிவிடும். வேகம் இவ்வாறு மாறுபடும் மெல்லிய பகுதியே எல்லைப் படலம்.

இக்கருத்தை 1904ஆம் ஆண்டு ஜெர்மனியின் ஹைடல்பெர்க் நகரில் நடைபெற்ற மூன்றாவது பன்னாட்டுக் கணிதவியலாளர் மாநாட்டில் லுட்விக் பிராண்டில் முன்வைத்தார். அச்சில் ஒருசில பக்கங்களே கொண்ட அக்கட்டுரை பாய்ம இயக்கவியலின் போக்கையே மாற்றியது. அதில் கருதத்தக்க சோதனை ஒன்றும் இடம்பெற்றிருந்தது. நீரோட்டத்தில் வைத்த உருளையின் ஒரு பக்கத்தில் சிறு பிளவு அமைத்து, அதன்வழியே எல்லைப் படலத்து நீரை பிராண்டில் உள்ளே உறிஞ்சினார். உறிஞ்சப்பட்ட பக்கத்தில் ஓட்டம் உருளையைவிட்டு விலகாமல் ஒட்டிச் சென்றது. எல்லைப் படலக் கருத்து பிறந்த அன்றே, சுவரில் வாயில் திறந்து அப்படலத்தை ஆளலாம் என்ற கருத்தும் பிறந்துவிட்டது.

இந்த மெல்லிய படலத்தின் ஒழுங்கைக் காப்பதால் விளையும் பயன் சிறிதன்று. நெடுந்தொலைவு செல்லும் பயணிகள் விமானம் சீராகப் பறக்கும்போது எதிர்கொள்ளும் காற்றுத் தடையில் ஏறத்தாழப் பாதி, அதன் மேற்பரப்பில் காற்று உரசுவதால் எழுவது. தட்டையான பரப்பொன்றில் ரெனால்ட்ஸ் எண் பத்து இலட்சமாக இருக்கும்போது, சுழற்சி ஓட்டத்தின் உரசல் வரிச்சீர் ஓட்டத்தின் உரசலைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. அவ்வெண் ஒரு கோடியாகும்போது ஏறத்தாழ ஏழு மடங்கு. படலம் ஒழுங்காக இருக்கும் பரப்பு கூடக்கூட எரிபொருள் செலவு குறையும், புகையும் குறையும்.

சிற்றலை பேரலையாதல்

எல்லைப் படலம் எங்கே, எவ்வாறு நிலைகுலைகிறது? பிராண்டிலின் மாணவர் வால்ட்டர் டோல்மீன் 1929இலும், ஹெர்மன் ஷ்லிக்டிங் 1933இலும் இதற்குக் கணக்கீட்டின்வழி விடை கண்டனர். படலத்தினுள் சில குறிப்பிட்ட நீளமுள்ள சிற்றலைகள் தோன்றி, ஓட்டத்தோடு நகர்ந்தவாறே வளர்ந்து, இறுதியில் படலத்தைச் சுழற்சி ஓட்டமாக்கும் என்பது அவர்தம் முடிவு. அக்காலக் காற்றுச் சுரங்கங்களில் இவ்வலைகள் தென்படவில்லை. எனவே அறிஞர் பலர் இம்முடிவை ஐயுற்றனர்.

ஐயம் தீர்ந்தது இரண்டாம் உலகப் போர்க் காலத்தில். அமெரிக்க நாட்டுத் தர நிர்ணய நிறுவனத்தில் ஷூபவரும் ஸ்கிராம்ஸ்டாடும் காற்றுச் சுரங்கத்தின் முன்பகுதியில் நுண்ணிய கம்பிவலைகளை அமைத்து, வரும் காற்றின் இயல்பான கலக்கத்தைப் பெரிதும் அடக்கினர். பிறகு தட்டின் அருகே மெல்லிய உலோக நாடாவை மின்காந்தத்தால் அதிரச் செய்தனர். கணக்கீடு கூறிய அதே அலைகள், கூறிய அளவிலேயே வெளிப்பட்டன. பெருங்கலக்கத்தில் மறைந்திருந்த சிறு உண்மை, கலக்கம் அடங்கியதும் புலப்பட்டது. அவ்வலைகள் இன்று டோல்மீன்–ஷ்லிக்டிங் அலைகள் என வழங்குகின்றன.

தெரியுமா?

ஓட்டத்தின் வேகம் சுவரிலிருந்து மேல்நோக்கி எவ்வாறு கூடுகிறது என்பதைக் காட்டும் வளைகோட்டை வேக வரைவு என்பர். அவ்வளைகோட்டின் வளைவு நடுவில் ஓரிடத்தில் எதிர்ப்பக்கமாகத் திரும்புமாயின் அதனை வளைவுமாற்றப் புள்ளி என்பர். பாகுத்தன்மையைக் கருதாத நிலையில், இத்தகைய புள்ளி இல்லாத ஓட்டம் நிலைகுலையாது என்பதை ராலே பிரபு 1880இல் நிறுவினார். வரைவில் இப்புள்ளி தோன்றுவது நிலைகுலைவுக்கான எச்சரிக்கை எனலாம்.

துளையின் முதற்பணி: உறிஞ்சுதல்

படலத்தின் அடியில் மெதுவாகச் செல்லும் காற்றே ஓட்டத்தின் வலுவற்ற பகுதி. சுவர் முழுவதும் நுண்துளைகள் இட்டு, அக்காற்றில் சிறிதளவை உள்ளே இழுத்துவிட்டால் இரண்டு நன்மைகள் விளைகின்றன. ஒன்று, படலம் மெலிகிறது. அதன் தடிமனைக் கொண்டு கணக்கிடும் ரெனால்ட்ஸ் எண்ணும் குறைகிறது. மற்றொன்று, வேக வரைவின் வடிவம் மாறுகிறது. சுவருக்கு மிக அருகிலேயே வேகம் முழு அளவை நெருங்கிவிடுவதால், சிற்றலைகள் வளர்வதற்கான வாய்ப்பு வெகுவாகக் குறைகிறது.

இவ்விரண்டில் பின்னதன் ஆற்றலே வியப்புக்குரியது. உறிஞ்சல் இல்லாத தட்டையான பரப்பில், படலத்தின் தடிமன் சார்ந்த ரெனால்ட்ஸ் எண் ஏறத்தாழ 520ஐத் தாண்டும்போது சிற்றலைகள் வளரத் தொடங்குகின்றன. சீரான உறிஞ்சல் நெடுந்தொலைவு தொடரும் பரப்பில் அவ்வெல்லை 50,000க்கும் மேலாக உயர்ந்துவிடுகிறது. அதாவது ஏறத்தாழ நூறு மடங்கு. இதற்கு வேண்டிய உறிஞ்சல் வேகமோ, காற்றின் முழு வேகத்தோடு ஒப்பிட மிகமிகச் சிறியது.

கணக்கில் எளிதாகத் தோன்றிய இது, வானில் எளிதாக இல்லை. வெர்னர் ஃபென்னிங்கர் என்னும் பொறியியலாளரின் ஆய்வுகளை அடியொற்றி அமெரிக்காவின் நார்த்ராப் நிறுவனம் எக்ஸ்-21 என்னும் ஆய்வு விமானத்தை உருவாக்கியது. 1963இல் பறக்கத் தொடங்கிய அதன் இறக்கைகளில் மயிரிழை போன்ற நுண்பிளவுகள் நெருக்கமாக அமைக்கப்பட்டிருந்தன. இறக்கைப் பரப்பின் பெரும்பகுதியில் வரிச்சீர் ஓட்டத்தை நிலைநிறுத்த முடியும் என்பதை அது மெய்ப்பித்தது. ஆயினும், பிளவுகளில் தூசி அடைந்தது. பூச்சிகள் மோதி ஒட்டின. பனித்துகள் மிதக்கும் மேகங்களுக்குள் நுழைந்தபோது ஒழுங்கு குலைந்தது. ஓர் எறும்பின் அளவே உள்ள கறை, அதன் பின்னால் ஆப்பு வடிவில் விரியும் பரப்பு முழுவதையும் சுழற்சி ஓட்டமாக்கிவிட வல்லது.

இருபது ஆண்டுகளுக்குப்பின், 1983 முதல் 1986 வரை, அமெரிக்காவின் நாசா நிறுவனம் ஜெட்ஸ்டார் விமானத்தைக் கொண்டு இதே சிக்கலை மீண்டும் அணுகியது. இறக்கை ஒன்றின் முன்விளிம்பில் டைட்டானியத் தகடு பொருத்தப்பட்டது. அதில் எலக்ட்ரான் கற்றையால் இடப்பட்ட துளைகள் ஏறத்தாழப் பத்து இலட்சம். ஒவ்வொன்றின் விட்டமும் ஏறத்தாழ 0.06 மில்லிமீட்டர், அதாவது மனிதத் தலைமுடியின் தடிமன். விமானம் ஏறும்போதும் இறங்கும்போதும் பூச்சிகள் மோதாவண்ணம் முன்னே ஒரு மடல் விரிந்து காத்தது. 1990ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் போயிங் 757 விமானத்தின் இடது இறக்கையிலும், 1998இல் ஏர்பஸ் ஏ320 விமானத்தின் வால்துடுப்பிலும் இம்முறை சோதிக்கப்பட்டது. முன்விளிம்பில் மட்டும் உறிஞ்சிவிட்டு, எஞ்சிய பகுதியை இறக்கையின் வடிவமே காத்துக்கொள்ளுமாறு செய்வது இப்பிற்கால முயற்சிகளின் உத்தி.

உறிஞ்சலிலும் ஓர் இடர் உண்டு. இறக்கையின்மேல் காற்றழுத்தம் எல்லா இடத்திலும் ஒன்றாக இருப்பதில்லை. உள்ளிருந்து இழுக்கும் விசை போதாவிடின், அழுத்தம் மிக்க இடத்துத் துளைவழி புகுந்த காற்று, அழுத்தம் குறைந்த இடத்துத் துளைவழி வெளியேறிவிடும். வெளியேறும் காற்று மெதுவான காற்றைச் சுவரிலிருந்து மேலே தள்ளுவதால், வேக வரைவில் வளைவுமாற்றப் புள்ளி தோன்றும். அதே தகடு, அதே துளை. காற்று செல்லும் திசை மாறியதும் காவலே கேடாகிறது.

துளையின் இரண்டாம் பணி: ஒலியை விழுங்குதல்

உறிஞ்சு கருவி ஏதுமின்றியே துளைகள் ஓட்டத்தை அமைதிப்படுத்தும் இடமும் உண்டு. திரையரங்கின் உட்சுவர்களில் துளையிட்ட பலகைகள் பதிக்கப்பட்டிருப்பதை மாணவர் கண்டிருக்கலாம். பலகையின் துளைகளுக்குள் புகும் ஒலியலை, அங்குள்ள காற்றை முன்னும் பின்னும் உரசச் செய்து, தன் ஆற்றலை வெப்பமாக இழக்கிறது. அரங்கில் எதிரொலி அடங்குகிறது.

ஒலியைப்போல் ஐந்து மடங்கும் அதற்கு மேலும் வேகமாகச் செல்லும் ஊர்திகளின் எல்லைப் படலத்தில் நிலைகுலைவை உண்டாக்குவது பெரும்பாலும் ஒருவகை ஒலியலையே. சுவருக்கும் அதற்குச் சற்று மேலுள்ள விரைவோட்டத்திற்கும் இடையில் அது சிக்கி, மாறிமாறி எதிரொலித்து வளர்கிறது. அதன் அதிர்வெண் மனிதச் செவி உணரும் எல்லையைவிட மிகவும் உயர்ந்தது. லெஸ்லி மேக் என்னும் அறிஞர் கணக்கீட்டின்வழி இதனை வெளிப்படுத்தியதால் இது மேக் அலை எனப்படுகிறது.

சுவரே இவ்வொலியை விழுங்கிவிட்டால் அலை வளராதன்றோ என்ற எண்ணத்தை அலெக்சாண்டர் ஃபெடோரவ், நார்மன் மால்முத் முதலியோர் 1990களின் பிற்பகுதியில் கோட்பாடாக வளர்த்தனர். கலிஃபோர்னியத் தொழில்நுட்பக் கழகத்தின் அதிவேகச் சுரங்கத்தில் அது சோதிக்கப்பட்டு, முடிவுகள் 2002இல் வெளியாயின. கூர்மையான கூம்பொன்றின் ஒரு பாதி வழவழப்பாகவும், மறுபாதி துளைத்தகடு போர்த்தியதாகவும் அமைக்கப்பட்டது. துளையின் விட்டம் 60 மைக்ரோமீட்டர், ஆழம் 450 மைக்ரோமீட்டர். துளைகளின் இடைவெளி 100 மைக்ரோமீட்டர். துளைகளின் அடி மூடப்பட்டிருந்தது. காற்று ஊடுருவிச் செல்ல வழியில்லை. வழவழப்பான பாதியில் ஓட்டம் நடுவழியிலேயே நிலைகுலைந்தபோதும், துளையிட்ட பாதியில் கூம்பின் இறுதிவரை ஒழுங்கு நிலைத்தது.

இதன் பயன் எரிபொருளோடு நிற்பதன்று. அத்தகைய வேகத்தில் ஓட்டம் நிலைகுலைந்தால் ஊர்தியின் மேற்பரப்பு பெறும் வெப்பம் பல மடங்கு உயரும். அவ்வெப்பத்தைத் தாங்கும் கவசத்தின் எடையை முடிவு செய்வது ஓட்டம் நிலைகுலையும் இடமே. எனினும் இங்கும் ஒரு வரம்பு உண்டு. மேக் அலையை அடக்கும் இதே துளைகள், அதைவிடக் குறைந்த அதிர்வெண் கொண்ட வேறுவகை அலையைச் சிறிதளவு ஊக்குவிக்கவும் செய்கின்றன என்பதை அக்கோட்பாடே காட்டியது.

துளையின் மறுபக்கம்: நிலைகுலைத்தல்

இனி மணற்படுகைமீது ஓடும் நீரைக் கருதுக. மணலினூடே நீர் செல்லும் முறையை வரையறுத்தவர் பிரான்சு நாட்டின் டிஜோன் நகருக்குக் குடிநீர் அமைப்பை உருவாக்கிய ஹென்றி டார்சி. மணல் நிரப்பிய குழாயில் நீரைச் செலுத்திச் சோதித்து, செல்லும் நீரின் அளவு இருமுனை நீர்மட்ட வேறுபாட்டிற்கு நேர்விகிதத்திலும் மணலின் நீளத்திற்கு எதிர்விகிதத்திலும் அமைகிறது என்று 1856இல் அவர் வெளியிட்டார்.

மணலுக்குள் செல்லும் நீரும் அதன்மேல் ஓடும் நீரும் சந்திக்கும் பரப்பில் என்ன நிகழ்கிறது என்பதை பீவர்ஸ், ஜோசப் ஆகிய இருவரும் 1967இல் ஆராய்ந்தனர். நுண்துளைக் கட்டி ஒன்றன்மேல் அமைந்த கால்வாயில், திண்சுவரென்று கருதிக் கணக்கிட்ட அளவைவிடக் கூடுதலான நீர் சென்றது. துளைச்சுவரின் விளிம்பில் பாய்மத்தின் வேகம் சுழியாவதில்லை. அங்கே அது சற்று வழுக்கிச் செல்கிறது என்பது இதனால் பெறப்பட்டது.

வழுக்கிச் செல்வது ஓட்டத்திற்கு எளிமை தருவதாகத் தோன்றலாம். நிலைப்புத்தன்மையின் கணக்கோ வேறாக உள்ளது. திண்சுவர் தன்னை நோக்கி வரும் எந்த அசைவையும் தடுத்துத் திருப்பும். ஊடுருவவிடும் சுவரோ அவ்வசைவுக்கு இடங்கொடுக்கும். குலைவு சுவருக்குள் சிறிது புகுந்து, மீண்டும் வெளிவரும். இருபுறமும் வழவழப்பான இணைசுவர்களுக்கு இடைப்பட்ட ஓட்டத்தில், சிற்றலைகள் வளரத் தொடங்கும் ரெனால்ட்ஸ் எண் 5772 எனக் கணக்கிடப்பட்டுள்ளது. சுவர்கள் மிகச் சிறிதளவே ஊடுருவவிடுவனவாக இருப்பினும் இவ்வெல்லை பெருமளவு தாழ்ந்துவிடும் என்பதை டில்டன், கார்ட்டலெஸ்ஸி ஆகியோரின் 2008ஆம் ஆண்டு ஆய்வு எடுத்துக்காட்டியது.

சுவர் மேலும் தளர்வாக இருப்பின் விளைவு கண்ணுக்கே தெரியும். கதிர் முற்றிய நெல்வயலின்மீது காற்று வீசும்போது, வயலின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு அலைகள் ஓடுவதைக் காணலாம். காற்றின் பார்வையில் நெல்வயல் ஒரு துளைச்சுவர். தாள்களுக்கு இடையே காற்று மெதுவாகவும், கதிர்களுக்கு மேலே விரைவாகவும் செல்கிறது. இரண்டும் சந்திக்கும் உயரத்தில் வேக வரைவில் வளைவுமாற்றப் புள்ளி அமைகிறது. அங்கே உருளைபோன்ற சுழிகள் பிறந்து நகர்கின்றன. அவை செல்லும் வழியில் கதிர்கள் சாய்ந்து நிமிர்கின்றன. இக்கதிரலைக்கு ஜப்பானியர் வழங்கிய ஹோனாமி என்னும் பெயரையே அறிவியல் உலகமும் ஏற்றுக்கொண்டுள்ளது.

இத்தகைய நிலைகுலைவு தீமை என்று கொள்வதற்கில்லை. சுழிகளே வயலுக்குள் புதிய காற்றைக் கொண்டுசென்று, ஈரக்காற்றை வெளியேற்றுகின்றன. ஆற்றின் கூழாங்கற்படுகைக்குள் நீர் புகுந்து வெளிவருவதால்தான் அங்கே இடப்பட்ட மீன்முட்டைகளுக்கு உயிர்வளி கிடைக்கிறது. சால்மன் மீன்கள் கூழாங்கற்களுக்கிடையே முட்டையிடுவது இதனை நம்பியே. விமானத்திற்கு வேண்டாத கலக்கம் ஆற்றுக்கு உயிர்நாடி.

முரண் தீர்தல்

துளைகள் ஓட்டத்தை அமைதிப்படுத்துகின்றன; துளைகள் ஓட்டத்தை நிலைகுலைக்கின்றன. இவ்விரு கூற்றுகளும் உண்மையே. எப்போது எது என்பதை மூன்று வினாக்கள் தெளிவாக்கும்.

முதலாவது: துளைவழியே பாய்மம் ஒரே திசையில் இடைவிடாது செல்கிறதா? சுவருக்குள் சீராகச் சென்றால் படலம் மெலிந்து வலுப்பெறும். சுவரிலிருந்து வெளியே வந்தால் படலம் தடித்து நலியும்.

இரண்டாவது: சீரான செலவு இல்லையெனில், குலைவு துளைக்குள் புகுந்து என்ன ஆகிறது? துளை மிகக் குறுகியதாகவும் அடி மூடியதாகவும் இருந்து, வருவது உயர் அதிர்வெண் கொண்ட ஒலியலையாகவும் இருந்தால், அதன் ஆற்றல் துளைக்குள் உரசலில் அழியும். துளைகள் ஒன்றோடொன்று இணைந்து பாய்மம் எளிதாகச் சென்றுவர இடந்தந்தால், குலைவு அழியாமல் வளர்வதற்கு உரிமை பெறும்.

மூன்றாவது: துளையின் அளவு படலத்தின் அளவோடு ஒப்பிட எவ்வளவு? படலத்தைவிட மிகச் சிறியதாக இருக்கும்வரை துளை தன் பணியை மட்டும் செய்யும். அது பெரிதானால் மேடுபள்ளமாகி, அதுவே புதிய குலைவுகளைத் தோற்றுவிக்கும்.

இம்மூன்றையும் ஒருங்கே நோக்கினால், சுவர் வெறும் எல்லைக்கோடாக நின்றுவிடுவதில்லை என்பது தெளிவாகும். அது பாய்மத்தோடு பொருளையும் ஆற்றலையும் கொடுத்து வாங்குகிறது. கொடுக்கல் வாங்கலின் முறை எவ்வாறோ, ஓட்டத்தின் இயல்பும் அவ்வாறே.

இன்றைய நிலை

துளையிட்ட தகட்டைச் செய்வது இன்று அரிய செயலன்று. லேசர்க் கற்றையால் கோடிக்கணக்கான துளைகளை இட முடிகிறது. 1990களின் இடைப்பகுதியில் ஒலியை விஞ்சிய வேகத்தில் பறக்கும் எஃப்-16எக்ஸ்எல் விமானத்தின் இறக்கையில் நாசா நிறுவனம் இவ்வாறு துளையிட்ட தகட்டைச் சோதித்தது. எஞ்சியிருப்பவை நடைமுறைச் சிக்கல்கள். உறிஞ்சுவதற்குச் செலவாகும் ஆற்றல், உரசல் குறைவதால் மிஞ்சும் ஆற்றலைவிடக் குறைவாக இருத்தல் வேண்டும். துளைகள் மழையிலும் தூசியிலும் பூச்சியிலும் அடையாமல், நாள்தோறும் பறக்கும் விமானத்தில் பல ஆண்டுகள் பயன்தர வேண்டும். குழாய்கள், கருவிகள் ஆகியவற்றின் எடையும் பராமரிப்புச் செலவும் பயனை விழுங்கிவிடக் கூடாது. அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக அறியப்பட்ட இம்முறை எல்லா விமானங்களிலும் இடம்பெறாமைக்குக் காரணம் கோட்பாட்டின் குறையன்று. ஆய்வகத்தின் தூய்மைக்கும் வானத்தின் புழுதிக்கும் இடையிலுள்ள தொலைவே.

தலைமுடியின் தடிமனே உள்ள ஒரு துளை, நூற்றுக்கணக்கானோரைச் சுமந்து செல்லும் விமானத்தின் எரிபொருட் செலவை மாற்ற வல்லது. அதே துளையை அடைத்துக்கொள்ளும் சிறுபூச்சி அப்பயனை இல்லாமலாக்க வல்லது. சிறியதைச் சிறியதென்று ஒதுக்காமல் அளந்து அறிவதே அறிவியலின் நெறி. சிற்றலைகளை ஐயுற்ற காலத்திலும், கம்பிவலை கட்டிக் காற்றை அடக்கி அவற்றைக் கண்டவர்கள் காட்டிய வழியும் அதுவே.

சொற்பொருள் விளக்கம்

பாய்மம் – நீர்மம், வாயு ஆகியவற்றின் பொதுப்பெயர்
பாகுத்தன்மை – பாய்மத்தின் அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று நகர்வதைத் தடுக்கும் பண்பு
எல்லைப் படலம் – சுவரை ஒட்டி, பாய்மத்தின் வேகம் சுழியிலிருந்து முழு அளவுவரை மாறும் மெல்லிய பகுதி
குலைவு – ஓட்டத்தின் சீரான நிலையிலிருந்து ஏற்படும் சிறு மாறுபாடு
ஊடுருவவிடும் தன்மை – ஒரு பொருள் தன் துளைகளின்வழியே பாய்மத்தைச் செல்லவிடும் இயல்பு

கற்பவை கற்றபின்...

1. காற்றசைவற்ற அறையில் ஊதுவத்திப் புகை நேராக எழும் உயரத்தை அளந்து குறிக்க. அருகில் ஒருவர் மெதுவாக நடந்து சென்றபின் மீண்டும் அளந்து, வேறுபாட்டிற்கான காரணத்தை வகுப்பில் விளக்குக.
2. கண்ணாடிக் குவளைகள் இரண்டில் ஒன்றில் மணலும் மற்றொன்றில் கூழாங்கற்களும் இட்டு நீர் நிரப்புக. ஒவ்வொன்றின் மேலும் ஒரு துளி மையைவிட்டு, நீரை ஒரே அளவில் கலக்குக. மை கீழே பரவும் ஆழத்தை ஒப்பிட்டு எழுதுக.
3. நுண்துளைகளால் பயன்பெறும் அன்றாடப் பொருள்கள் ஐந்தினைப் பட்டியலிட்டு, அவற்றில் துளை ஆற்றும் பணியை ஒரு தொடரில் எழுதுக.

மதிப்பீடு

குறுவினா
1. ஓட்டத்தின் நிலைப்புத்தன்மை என்பது யாது?
2. மின்விசிறியின் இறக்கையில் தூசி படிந்திருப்பது எதனை உணர்த்துகிறது?
3. வளைவுமாற்றப் புள்ளி குறித்து ராலே பிரபு நிறுவியது யாது?

சிறுவினா
1. உறிஞ்சலால் எல்லைப் படலம் பெறும் இரு நன்மைகளை விளக்குக.
2. நெல்வயலில் கதிரலை தோன்றும் முறையை எழுதுக.
3. எக்ஸ்-21 விமானச் சோதனை மெய்ப்பித்ததையும் எதிர்கொண்ட இடர்களையும் தொகுத்துரைக்க.

நெடுவினா
1. ‘ஒரே துளை ஓட்டத்தைக் காக்கவும் செய்யும், குலைக்கவும் செய்யும்’ – பாடக்கருத்துகளைக் கொண்டு நிறுவுக.